பையானுவலா, பையெனியலா?

பெங்களூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வது 'பையானுவல்' (biannual) என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பாதிப் பேர் வருடத்துக்கு இரண்டு முறை என்றும், மீதிப் பேர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்றும் படித்தார்கள். குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இந்த ஊரிலேயே இரண்டுக்கும் நல்ல உதாரணம் உண்டு. லால்பாக் மலர்க் கண்காட்சி குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியிலும், சுதந்திர தினத்தை ஒட்டி ஆகஸ்டிலும் நடக்கும். அது பையானுவல். எலஹங்காவில் 1996இல் தொடங்கிய ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியோ 2021, 2023, 2025 என்று ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் வருகிறது. அது பையெனியல் (biennial).

தோட்டக்காரர்களுக்கு பையெனியல் என்றால் இன்னொரு பொருளும் உண்டு: இரண்டு ஆண்டில் ஆயுள் முடியும் செடி. கேரட் அப்படித்தான். முதல் ஆண்டு கிழங்கு, மறு ஆண்டு பூவும் விதையும். நாம் கிழங்கிலேயே பிடுங்கிவிடுவதால் அதன் பூவைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

பையெனியலை நம்பி எழுதலாம். பையானுவலுக்கு இரண்டு பொருளையும் தரும் அகராதிகள் இருப்பதால், அறிவிப்பில் அதை நான் எழுத மாட்டேன். 'அரையாண்டு' என்பது பள்ளித் தேர்விலிருந்தே நமக்குப் பழகிய சொல். ஆனால் அதில் ஆறு மாத இடைவெளி தொனிக்கிறது. லால்பாக்குக்கு அது பொருந்தாது. 'ஆண்டுக்கு இருமுறை' என்றால் சரி, எல்லாருக்கும் புரியும்.