ஆர்.ஐ.சி காது மிஷின்: சத்தம் அருமை, வேக்ஸ் கார்டு கழுத்தறுப்பு

காது மிஷினின் ரிசீவரை (காதுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர்) மாற்றிய பில் கையில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. கோபம் ஆறிவிட்டால் சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும். போதாக்குறைக்கு நண்பர் ஒருவர், தன் அப்பாவுக்கு எந்த மிஷின் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். நான் சொல்லப்போவது ஆர்.ஐ.சி (ரிசீவர்-இன்-கெனால்) வகை பற்றி: உடல் காதுக்குப் பின்னால், மெல்லிய ஒயர், ரிசீவர் என்கிற ஸ்பீக்கர் மட்டும் காதுக்குள். 312 சைஸ் பட்டன் பேட்டரி, ஓபன் டோம் (ரிசீவர் நுனியில் மாட்டும், துளை விட்ட மெல்லிய சிலிகான் தொப்பி). எத்தனை சேனல் (சத்தத்தைத் தொனிவாரியாகப் பிரிக்கும் பகுதிகள்), எந்த ஆப் என்பதையெல்லாம் கடையிலேயே மணிக்கணக்கில் விளக்குகிறார்கள். அவர்கள் விளக்காமல் விடுவது ரிசீவர் நுனியில் குறும்பியைத் தடுக்க இருக்கும் வேக்ஸ் கார்டை.

கடுகைவிடச் சிறிய வெள்ளை வலை அது. ரிசீவரிலிருந்து வரும் சத்தம் முழுக்க அந்த வலை வழியாகத்தான் காதுக்குள் போக வேண்டும். காதுக்குழாயோ எந்நேரமும் உடம்புச் சூட்டில், ஈரக்கசிவோடு இருக்கும் இடம். குறும்பி, வியர்வை, நீராவி மூன்றும் முதலில் வந்து ஒட்டுவது அந்த வலையில்தான். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மே மாதத்து வியர்வையும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இருந்தால் இன்னும் வேகமாக அடைக்கும். காதுக்குள் எண்ணெய் விடும் பழக்கத்தை மிஷின் வாங்கிய அன்றே நிறுத்திவிட வேண்டும். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தால், அது முழுக்க வற்றும்வரை மிஷினைப் போடக் கூடாது. தலைக்கு வைக்கும் எண்ணெயும் முகப் பவுடரும் வேறொரு பக்கம் வேலையைக் காட்டும்: அவை போய் அடைப்பது உடலின் மேல்புறம் இருக்கும் மைக் துளைகளை.

வலை ஒரேயடியாக அடைத்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை, சட்டென்று தெரிந்துவிடும். அது கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பதுதான் கொடுமை. முதலில் சகரமும் தகரமும் மங்கும். பேரன் பேசுவது கேட்கும், என்ன பேசினான் என்பது பிடிபடாது. போட்டிருப்பவர் தன் காதுதான் இன்னும் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கிளினிக்குக்குப் போய் "சத்தம் பத்தலை" என்பார். அங்கே கம்ப்யூட்டரில் சொருகிச் சத்தத்தை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் யாராவது அந்த வலையை மாற்றியதும் மிஷின் வீலென்று கத்தும், தட்டு விழுந்தால் காது வலிக்கும். மறுபடி கிளினிக், மறுபடி செட்டிங். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு மிஷினையே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டவர்கள் ஏராளம். அதனால் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: வேக்ஸ் கார்டை மாற்றிப் பார்க்காமல் யாரையும் செட்டிங்கைத் தொட விடாதீர்கள்.

மாற்றுவது இப்படி. வெள்ளைத் துணி விரித்த மேசை முன், நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். முதலில் டோமைக் கழற்றுங்கள். மாற்றும் குச்சிக்கு இரண்டு முனை: ஒன்று வெறும் முள், இன்னொன்றில் புது வலை. முள்ளைப் பழைய வலைக்குள் நேராக அழுத்தி நேராக இழுத்தால் அது கூடவே வந்துவிடும். குச்சியைத் திருப்பிப் புது வலையை அதே துளையில் அழுத்தி, குச்சியை மட்டும் நேராக உருவுங்கள். சாய்த்தால் வலை பாதியில் நின்றுவிடும், டோமும் சரியாக உட்காராது. டோமைக் கடைசிவரை தள்ளி, லேசாக இழுத்துப் பார்த்துவிட்டே காதில் வையுங்கள். சரியாக மாட்டாத டோம் காதுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கினால் வீட்டில் ஊக்கோ இடுக்கியோ விட்டு எடுக்கப் பார்க்காமல் இ.என்.டி டாக்டரிடம் போங்கள்.

ஒரு பொட்டலத்தில் ஆறோ எட்டோ வரும். மாதம் ஒன்று போதும் என்பார்கள். வியர்க்கும் காதுக்கு இரண்டு வாரம்கூடத் தாங்காது. ஒரு கம்பெனி வலை பெரும்பாலும் இன்னொன்றில் பொருந்தாது: ஃபோனாக்கின் செருஸ்டாப் வேறு, ஓட்டிகானின் ப்ரோவேக்ஸ் வேறு, வைடெக்ஸின் நானோகேர் வேறு. ஸ்டாக் இல்லை என்று வலை போடாமலே ஓட்டுவது மகா ஆபத்து. குறும்பி நேராக ரிசீவருக்குள் இறங்கும். அங்கே சுத்தம் செய்ய வழி கிடையாது, முழு ரிசீவரையே மாற்ற வேண்டும். ஊசி விட்டு வலையைக் குத்துவதும் அதே செலவில்தான் கொண்டுபோய் விடும்.

மிஷின் செத்துவிட்டது என்று தோன்றும்போது பார்க்க வேண்டிய வரிசை: முதலில் புது பேட்டரி. ஸ்டிக்கரை உரித்துக் குறைந்தது ஒரு நிமிடம், முடிந்தால் ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். ஜிங்க்-ஏர் பேட்டரி காற்றை உறிஞ்சித்தான் உயிர் பெறும். அடுத்து வேக்ஸ் கார்டு. பிறகு மைக் துளைகளை உலர்ந்த பிரஷால், துளை கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டி எடுக்க வேண்டும். அப்போதும் பேசவில்லை என்றால் ஒரு ராத்திரி உலர் டப்பா. அதன் பிறகே கிளினிக். வீட்டில் இன்னொருவரிடம் ஸ்டெத்தோகிளிப் இருந்தால் நல்லது. ஸ்டெதஸ்கோப் மாதிரி மாட்டி, மிஷின் கரகரக்கிறதா என்று அவரே கேட்டுச் சொல்லிவிடலாம்.

உலர் டப்பா என்றால் சிலிகா ஜெல் போட்டு இறுக மூடும் டப்பா. படுக்கப் போகும்போது பேட்டரியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்தபடியே மிஷினை உள்ளே வைக்க வேண்டும். பேட்டரியும் உள்ளே கிடந்தால் அதன் ஈரமும் வற்றி ஆயுசு குறையும். மணிகள் நிறம் மாறினால் பாக்கெட்டில் சொன்னபடி சூடாக்கவோ மாற்றவோ வேண்டும். வெயிலில் காய வைப்பது, ஹேர் டிரையர் அடிப்பது இரண்டும் கூடாது. ஐ.பி.68 என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வியர்வையை அலட்சியப்படுத்துகிறார்கள். அந்தச் சோதனை தண்ணீருக்கும் தூசிக்கும்தான். உப்பு வியர்வைக்கும் எண்ணெய்க்கும் அது உத்தரவாதம் இல்லை. பேட்டரி முனைகளில் பச்சை படிவதைப் பார்த்தாலே புரியும்.

இனி நியாயமாகச் சொல்ல வேண்டியது. சத்த விஷயத்தில் இந்த வகைக்கு நிகர் இல்லை. அடித்தொனி நன்றாகக் கேட்டு, மேல்தொனி மட்டும் சரிந்த காதுக்கு ஓபன் டோம் ஒரு வரம். காது அடைத்த உணர்வு இல்லை, தன் குரல் பானைக்குள் பேசுவது போலக் கேட்பதும் இல்லை. முதல் சில வாரங்கள் மின்விசிறி, குழாய்த் தண்ணீர், செய்தித்தாள் புரட்டுவது எல்லாம் பெரிதாகத் தெரியும். வீட்டில் சில மணி நேரம் என்று தொடங்கி நாளுக்கு நாள் நீட்டினால் மூளை அவற்றை ஒதுக்கப் பழகிக்கொள்ளும். குக்கர் விசில் பழக வேண்டிய விஷயம் அல்ல. அது காதில் அறைந்தால் ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷினை செட் செய்பவர்) சொல்லி உச்ச சத்த வரம்பை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். மொத்தச் சத்தத்தையும் குறைத்தால் பேச்சும் போய்விடும். நாதஸ்வரக் கச்சேரியில் நீண்ட சுரம் நடுங்கிக் கேட்டால் குற்றம் வித்வான் மேல் இல்லை. மிஷின் அந்தச் சுரத்தைத் தன் விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கிறது. இசைக்கென்று தனி புரோகிராம் போட்டு, விசில் தடுப்பைத் தளர்த்தச் சொன்னால் சரியாகும்.

இத்தனையும் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு: ரியல் இயர் மெஷர்மென்ட். மிஷினோடு சேர்த்து மெல்லிய சிலிகான் குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு சத்தம் சேருகிறது என்று அளந்து, ஆடியோகிராமுக்கு (கேட்கும் திறன் சோதனை வரைபடம்) ஏற்ற இலக்குக் கோட்டோடு பொருத்துவார்கள். அது இல்லாமல் கம்பெனியின் ஃபர்ஸ்ட் ஃபிட்டோடு, அதாவது சாஃப்ட்வேர் தானாகப் போடும் ஆரம்ப செட்டிங்கோடு அனுப்பும் இடங்களில், பெரும்பாலும் மேல்தொனி குறைவாகவே இருக்கும். விலையை ஏற்றிக் கூடுதல் சேனல் வாங்குவதைவிட இந்தச் சோதனை செய்யும் இடத்தைத் தேடுவது மேல்.

சத்தத்தை இவ்வளவு புகழ்ந்துவிட்டு, நண்பரின் அப்பாவுக்கு இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். எழுபதைத் தாண்டியவர், கண்ணில் புரை, விரலில் நடுக்கம், வீட்டில் மாற்றிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் அந்த மில்லிமீட்டர் வலை அவரைத் தோற்கடித்துவிடும். அவருக்கு மோல்டு (காது அளவுக்கு வார்த்த அச்சு) வைத்த பி.டி.இ போதும்: ஸ்பீக்கர் உட்பட எல்லாம் காதுக்குப் பின்னால், சத்தம் குழாய் வழியாக மோல்டுக்கு வரும். ஆரஞ்சு ஸ்டிக்கர் 13 பேட்டரி. பெரிது, கூடுதல் நாள் வரும், விரலுக்கும் அடங்கும். ஸ்பீக்கர் காதுக்கு வெளியே இருப்பதால் குறும்பி அதை எட்டாது. மோல்டைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, ப்ளோயரால் (காற்றடிக்கும் ரப்பர் பந்து) குழாயை ஊதி, ராத்திரி முழுக்க உலரவிட்டுக் காலையில் மாட்டினால் முடிந்தது. மிஷின் மேல் மட்டும் தண்ணீர் படக் கூடாது. குழாய் மஞ்சளாகி விறைத்தால் மாற்ற வேண்டும், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தன் குரல் எதிரொலிக்கிறது என்று முதலில் குறைப்படுவார். மோல்டில் காற்றுத் துளையைப் பெரிதாக்கினால் கணிசமாகக் குறையும்.

அவர் ஆர்.ஐ.சிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பணம் கட்டுவதற்கு முன் வேக்ஸ் கார்டை அவர் கையாலேயே ஒருமுறை மாற்றச் சொல்லிப் பாருங்கள். வாரண்டி முடிந்தபின் ரிசீவர் என்ன விலை என்பதையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.