யமஹா டிஒய்175: ஆறு வருஷம், ஒரே முன் பிரேக்

வேலைக்காக இங்கிலாந்தின் டெர்பிஷர் பக்கம் வந்து சேர்ந்தபின் தொற்றிக்கொண்ட பைத்தியம், டிரையல்ஸ் என்கிற பைக் போட்டி. வேகத்துக்கு அதில் வேலை இல்லை. பாறை, சேறு, ஓடை, மரவேர் என்று கொடி கட்டிக் காட்டிய வழியில், காலை ஊன்றாமல் வண்டியை நகர்த்த வேண்டும். ஒரு தடவை கால் பட்டால் 1 புள்ளி, வண்டி விழுந்தால் 5. குறைவாக வாங்கியவர்தான் ஜெயித்தவர். இங்கிலாந்தின் டிரையல்ஸ் வீரர் மிக் ஆண்ட்ரூஸ் 1974, 1975 இரண்டு வருஷமும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் போட்டியை யமஹாவில்தான் ஜெயித்தார். என்னிடம் இருப்பது அந்தக் குடும்பத்தின் சின்னத் தம்பி டிஒய்175, 171 சிசி டூ ஸ்ட்ரோக். எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் இல்லை. உதைத்தால் உயிர் வந்துவிடும்.

முன் பிரேக்தான் என்னைப் படுத்தியது. செங்குத்தான சரிவில் இறங்கும்போது ஒற்றை விரலால் முன் சக்கரத்தை நிறுத்திப் பிடிக்க வேண்டும். எனக்கோ நான்கு விரலால் இழுத்து லீவர் கைப்பிடியைத் தொட்டாலும் வண்டி தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். "பழைய டிரம் பிரேக் அப்படித்தான்" என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நான் நம்பவில்லை. ஊரில் அண்ணனின் ஆர்எக்ஸ்100 வண்டிக்கும் முன்னால் டிரம்தான், அது நன்றாகவே நின்றது.

முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான்: புது ஷூ, அதாவது டிரம்முக்குள் விரிந்து அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டை, வாங்கிப் போட்டேன். பிரேக் முன்னைவிட மோசமானது. உப்புத்தாள் போட்டு, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் பளபளப்பை எடுத்தேன். ஒரு வாரம் தாங்கியது. இப்படியே இரண்டு வருஷம், மூன்று ஜோடி ஷூ. காசு போனதைவிட, தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேனே என்பதுதான் எரிச்சல்.

கடைசியில் உருப்படியாக ஒன்று செய்தேன். லைனிங் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து, சக்கரத்தை மாட்டி, சுழற்றி, மெதுவாகப் பிரேக் பிடித்துவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். ஷூவின் நடுவில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத்தான் சாக்பீஸ் அழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ டிரம்மை லேத்தில் கடைந்திருக்கிறார். டிரம்மின் உள்வட்டம் பெரிதாகிவிட்டது, கடையில் வாங்கும் ஷூவின் வளைவோ பழைய அளவுக்கானது. சின்னக் கிண்ணத்தைப் பெரிய கிண்ணத்துக்குள் சாய்த்து வைத்தால் ஓர் இடத்தில்தானே தொடும், அந்தக் கதைதான்.

பழைய ஷூவிலேயே தடிமனான லைனிங்கை ஒட்டவைத்து, டிரம்மின் இப்போதைய அளவுக்குக் கடைந்து வாங்கினேன். டிரம்மையும் கடைய வேண்டியிருந்தால் ஸ்போக் கட்டிய முழுச் சக்கரமாகவே லேத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஸ்போக் இழுக்கிற இழுப்பில் ஹப் (டிரம் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) லேசாக ஓவலாகிவிடும். வெறும் ஹப்பை வட்டமாகக் கடைந்து, பிறகு ஸ்போக் கட்டினால் மறுபடி ஓவல்தான். லீடிங் ஷூவின் (சுழற்சியோடு இழுபட்டுத் தானாக அழுந்தும் ஷூ) முன் விளிம்பைக் கொஞ்சம் சரித்து ராவிவிட்டேன், இல்லாவிட்டால் வெடுக்கென்று பிடிக்கும்.

இதில் பாதிப் பலன் கிடைத்தது. மீதிப் பாதி கேபிளில் ஒளிந்திருந்தது. நண்பரை லீவரை அழுத்தச் சொல்லிவிட்டுக் கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலுறை பாம்பு நெளிவதுபோல் நெளிந்தது. நான் இழுத்த இழுப்பில் பாதி அந்த நெளிவிலேயே போய்க்கொண்டிருந்தது. அழுத்தத்துக்குச் சுருங்காத தடித்த மேலுறையோடு கேபிள் மாற்றினேன். அப்புறம், பிரேக் கவ்வும் நேரத்தில் ஷூக்களை விரிக்கும் கேம் கைக்கும் கேபிளுக்கும் நடுவே ஏறக்குறைய 90 டிகிரி இருக்க வேண்டும். என்னுடையது அதைத் தாண்டிச் சாய்ந்து கிடந்தது. அந்தக் கேம் கையைக் கழற்றி ஒரு பல் பின்னால் தள்ளி மாட்டினேன். செலவில்லாத இந்த வேலைதான் விரலுக்கு முதலில் தெரிந்தது.

சக்கரத்தை மாட்டும்போது ஒரு பழக்கம்: ஆக்ஸில் நட்டைத் தளர்வாக விட்டு, சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே நட்டை முடுக்குவேன். ஷூக்கள் டிரம்மின் நடுவுக்குத் தாமாக வந்து உட்காரும்.

சுத்தம் செய்வதில் ஒரு விஷயம். ஊர் ஒர்க்ஷாப்பில் டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசி தட்டுவார்கள், நானும் ஊதியிருக்கிறேன். அந்தக் காலத்து லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். பிரிட்டனில் அதை முழுதாகத் தடை செய்ததே 1999இல்தான். முகமூடி போட்டு ஈரத்துணியால் துடையுங்கள், காற்று அடிக்கவே வேண்டாம்.

ரோட்டு வண்டியின் ட்வின் லீடிங் ஷூ ஹப்பை மாற்றிப் போடலாமே என்று பலர் கேட்டார்கள். ஆசையாகத்தான் இருந்தது. லீடிங் ஷூ என்பது சக்கரம் சுழலும் திசையிலேயே இழுபட்டுத் தானாக டிரம்மில் அழுந்துவது. இரண்டும் லீடிங் என்றால் முன்னே போகும்போது பிரமாதம். ஆனால் ஏற்றத்தில் பாதியில் நின்று வண்டி பின்னோக்கி உருளும்போது இரண்டுமே டிரெய்லிங், அதாவது சுழற்சியால் டிரம்மிலிருந்து விலக்கித் தள்ளப்படும் ஷூ ஆகி, பிடியை விட்டுவிடும். ஒன்று லீடிங், ஒன்று டிரெய்லிங் என்றால் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி பிடிக்கும். டிரையல்ஸில் ஏற்றத்தில் நின்றுபோவது வாராவாரம் நடப்பது. அதனால் கைவைக்கவில்லை.

பின் பிரேக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. செயின் ஆயில் ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டது. லைனிங்கைச் சூடாக்கி எண்ணெயை எரித்துப் பார்த்தேன், இரண்டு வாரத்தில் பழையபடி ஆனது. மாற்றிவிட்டேன்.

இன்றும் தீராதது தண்ணீர். ஓடையில் இறங்கி ஏறியதும் முதல் சில நொடிகளுக்குப் பிரேக் இருக்காது, லேசாகத் தேய்த்தபடியே ஓட்டிக் காயவைக்க வேண்டும். டிரம்மை மூடும் பிரேக் பிளேட்டைச் சுற்றி சிலிக்கான் பூசிப் பார்த்தேன். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தேங்கி நின்றது. சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் போட்டி முடிந்த அன்று இரவே முன் சக்கரத்தைக் கழற்றி, ஹீட்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் சாய்த்து வைத்துவிடுகிறேன். ஹாலெல்லாம் சேறு நாற்றம் என்று வீட்டில் திட்டு விழுகிறது.