பேட்டரி மைட்டர் சோவா, வயர் மைட்டர் சோவா? தோட்டத்து வேலைக்கு எது கைக்குப் பாதுகாப்பு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வுட், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் சீலிங், ஸ்கர்ட்டிங், கதவு நிலை என்று மரவேலை செய்கிறேன். மைட்டர் சோ என்பது சுற்றும் பிளேட்டைக் கீழே இறக்கி மரத்தை நேராகவும் சாய்வாகவும் வெட்டும் மெசின். ஒன்பது வருடம் வயர் போட்டதில்தான் வெட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன் பேட்டரியில் ஓடும், 216 மில்லிமீட்டர் பிளேட் போட்ட மெசின் ஒன்று வாங்கினேன். பழையதை விற்கவில்லை, பட்டறையில் அது இன்னும் ஓடுகிறது. என் சாய்வு பேட்டரி பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கான காரணம் என் வலது கை விரல் முட்டியில் தழும்பாக இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பேட்டரி மெசின் விலை கூட. இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் இன்னும் ஏறும். மகிட்டா பேட்டரி போஷ் மெசினில் பொருந்தாது. அதனால் கையில் ஏற்கனவே எந்தக் கம்பெனி ட்ரில் இருக்கிறதோ அதிலேயே போவது நல்லது. நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று காய்ந்த யூகலிப்டஸ் வெட்டுகிறவருக்கு வயர் மெசின்தான் சரி, அது களைக்காது. கிரைண்டரில் மரம் வெட்டும் பிளேட்டை மாட்டி வேலை பார்க்கிறவர்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். நாலரை அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். பல் மரத்தில் மாட்டினால் மெசின் கையை விட்டுத் தாவும். தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தோட்டங்களில் எழும்பும் தனி வீடுகளில் நாங்கள் உள்ளே போகும்போது பெரும்பாலும் கரண்ட் வந்திருக்காது. மேலே இருக்கிற லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கேட்டு வயர் இழுப்போம். தேயிலைச் செடிக்கு நடுவே, கானைத் தாண்டி, படிக்கட்டு ஓரமாக 40 மீட்டர் போகும். 1,500 வாட் மெசின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மெல்லிய 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்தத் தூரம் போனால் ஓடும்போதே ஒன்பது வோல்ட் விழுந்துவிடும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் இன்னும் எத்தனையோ மடங்கு. மோட்டார் திணறினால் பிளேட் மரத்துக்குள் இறுகும். இறுகிய பிளேட்தான் கட்டையைத் தூக்கி அடிக்கும்.

மழையும் இருக்கிறது. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை எங்கள் பக்கம் தென்மேல் பருவமழை. அதனால் மெசின் வயரும் நீள வயரும் சேருகிற இடத்தைப் பொலித்தீன் சுற்றி, டேப் ஒட்டி, கூரைக் கம்பில் உயரத் தொங்க விடுவோம். எல்லா பாஸ்மாரும், அதாவது மேசன், தச்சு வேலைக்காரர்கள், செய்வதுதான். மழை நேரே படாமல் இருக்கத்தான் அது. ஆனால் அந்த இணைப்பை அதற்குப் பிறகு யாரும் திறப்பதில்லை. கரண்டை நிறுத்த வேண்டுமானால் ஒரே இடம்தான், 40 மீட்டர் மேலே, இன்னொருவர் வீட்டுச் சுவரில்.

அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. பிளேட் மொட்டையாகிவிட்டது, மாற்ற வேண்டும். கூட வேலை செய்த தம்பியை மேலே அனுப்பி சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க அங்கேயே நின்றுவிட்டான். நான் பாதுகாப்பு மூடியை மேலே தள்ளி, அலன் கீயை பிளேட் போல்ட்டில் மாட்டி, இடது கையால் பிடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருகினேன். இடது கை விசையை அழுத்துவது எனக்கே தெரியவில்லை. கரண்ட் இல்லை என்ற நம்பிக்கை. திடீரென்று கீ என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஃபென்சில், அதாவது கட்டையைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்பில், மோதித் தெறித்தது. இரண்டு முட்டியில் தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. மேலேயிருந்து அந்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னா பாஸ், சுவிட்ச யாரோ அணைச்சி வச்சிருந்தாங்க, நான் போட்டுட்டேன், இப்ப கரண்டு வருதா?" என்று கேட்டார். உதவி என்று நினைத்துச் செய்தார், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் விரலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருந்த சுவிட்ச் என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்ததுதான் பிழை.

பேட்டரி மெசினை நான் விரும்புவது இதற்காகத்தான். மெசின் எங்கே நிற்கிறதோ கரண்டும் அங்கேயே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டால் வேறு எவராலும் அதைப் போட முடியாது. சின்னத் துண்டு ஒன்று மூடிக்குள் சிக்கினால்கூட இப்போது பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் விரலை விடுகிறேன், இரண்டு விநாடி வேலை. வயர் மெசினில் அதே துண்டுக்காக 40 மீட்டர் ஏறி இறங்க யாருக்கு மனம் வரும்? எனக்கு வந்ததில்லை. ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை விரலை அப்படியே விட்டிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் இதே குணத்துக்கு மறுபக்கமும் உண்டு. பிளக்கைப் பிடுங்கினால் வயர் மெசின் செத்துவிடும். பேட்டரி மெசினோ பேட்டரி உள்ளே இருக்கும் வரை எங்கே கிடந்தாலும் உயிரோடுதான் கிடக்கும். வேலை செய்கிற வீட்டில் பிள்ளைகள் ஓடுவார்கள். அதனால் தேத்தண்ணிக்குப் போகும்போது பேட்டரி என்னோடு வரும். முச்சக்கர வண்டியில் ஏற்றும்போது மெசினின் தலையை (மோட்டாரும் பிளேட்டும் உள்ள பகுதி) கீழே இறக்கி, பூட்டுப் பின்னைத் தள்ளி, பேட்டரியைத் தனியே பெட்டியில் வைப்பேன். இந்தப் பழக்கம் வராதவருக்கு என் வாதம் முழுக்கத் தலைகீழாகிவிடும்.

இன்னொரு வித்தியாசம் பிரேக். என் பழைய மெசினில் அது இல்லை. விசையை விட்ட பிறகும் பிளேட் சத்தமில்லாமல் சில விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். புதியதில் உடனே நிற்கிறது. பிரேக் உள்ள வயர் மெசின்களும் கடையில் உண்டு, வாங்குகிறவர் கேட்டு வாங்கலாம். எதுவானாலும் பிளேட் நின்ற பிறகுதான் தலையை உயர்த்த வேண்டும், வெட்டிய துண்டைத் தொட வேண்டும்.

வெட்டுகிற முறையில் இரண்டுக்கும் பேதமில்லை. பிளேட்டிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் கை வரக்கூடாது, துண்டு அதைவிடச் சின்னதென்றால் கிளாம்ப் போடுங்கள். கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடிக்காதீர்கள். முன்னும் பின்னும் நகரும் மெசினில் தலையை முன்னே இழுத்து, கீழே இறக்கி, பின்னே தள்ளி வெட்ட வேண்டும். இழுத்துக்கொண்டே வெட்டினால் பிளேட் மரத்தின் மேல் ஏறி உங்கள் பக்கம் வரும். எங்கள் ஊரில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வளைவு. சவுக்கும் பைனசும் சரியாகக் காயாமல் வரும், நாலு நாளில் வில்லாக வளையும். வளைந்த கட்டையின் வெளிவளைவு ஃபென்சைத் தொட வேண்டும். மாற்றி வைத்தால் வெட்டு முடிகிற நேரம் இரண்டு பாதியும் பிளேட்டை நெரிக்கும். கண்ணாடியும் காதடைப்பும் முகக்கவசமும் எதற்கென்று யாரும் கேட்கத் தேவையில்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது.

பேட்டரி விஷயத்தில் குளிரைக் கவனிக்க வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரிக் காலையில் புல்லில் உறைபனி பூக்கிற நாட்கள் உண்டு. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே கெட்டுப்போகும். கந்தப்பளையில் வேலை செய்த நாட்களில் இரவில் பேட்டரியைக் குசினிக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் கை சூடு வந்த பிறகே சார்ஜரில் போட்டேன். மழையில் நனைய விட்டால் பேட்டரி மெசினும் தாங்காது, அதற்கும் மேலே தகரக் கூரை வேண்டும்.

இரண்டு 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் சீலிங் பீடிங் வேலை எனக்கு ஒரு நாள் ஓடுகிறது. கனத்த யூகலிப்டஸ் என்றால் பகல் சாப்பாட்டுக்கு முன் ஒன்று காலி. இரண்டு வருடத்துக்கு மேல் பழகிய பேட்டரி என்னிடம் இல்லை, அதனால் ஐந்தாம் வருடத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு என் வார்த்தையை எடுக்க வேண்டாம். 305 மில்லிமீட்டர் பேட்டரி மெசினை ஒரு நாள் இரவல் வாங்கி ஓட்டியதோடு சரி.

வயர் மெசின்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். இணைப்பை டேப் போட்டு மூடாமல், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, மெசினுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் நிறுத்துங்கள். வாளியின் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை, வயர் உள்ளே போகிற அளவுக்கு. மெசினில் கை வைக்கும் முன் வாளியைத் திறந்து பிளக்கைப் பிடுங்கி, அதை மெசின் மேசையின் மேல் உங்கள் கண்முன்னே வையுங்கள். மேலே லயத்தில் கரண்ட் கசிந்தால் தானாக அணையும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று வயர் இழுக்கும் முன்னமே பார்த்துவிடுங்கள். இல்லாத வீட்டிலிருந்து நான் இப்போது வயர் இழுப்பதில்லை.