பூனைக்குட்டிப் பால்மாவைப் பிரித்துக் கட்டி விற்பவரிடம் வாங்காதீர்கள்

விலங்குகள் காப்பகம் ஒன்றில் தாயில்லாமல் வரும் பூனைக்குட்டிகளுக்குப் பால் ஊட்டும் வேலையைச் செய்கிறேன். பூனைக்குட்டிகளுக்கென்றே செய்யப்படும் பால்மாவு வாங்கியதில் ஏமாந்து ஒரு குட்டியைப் பறிகொடுக்கப் பார்த்தோம். வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தோம். வந்தபோது முன்பற்கள் அப்போதுதான் எட்டிப் பார்த்தன; அதாவது மூன்று வாரக் குட்டி. பிறக்கும்போது ஒரு குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறும். அந்தக் கணக்கில் இவள் 300 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். தராசு காட்டியது 210.

காப்பகத்தில் மிச்சமிருந்த டின் பால்மாவைக் கரைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டினோம். ஆறு நாளில் 262 கிராம். மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் ஒரு நாள்கூட இறங்கவில்லை. டின் தீர்ந்தது. கடையில் புதிய டின் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அப்போதுதான் இணையத்தில் அந்த விற்பனையாளர் கண்ணில் பட்டார். "அதே கம்பெனி மாவுதான் அக்கா, பெரிய டின்னைப் பிரித்துச் சின்னப் பாக்கெட்டாகப் போடுகிறோம். காப்பகம் என்பதால் குறைத்துத் தருகிறேன்" என்றார். நம்பி வாங்கினேன்.

முதல் நாள் 264. இரண்டாம் நாள் 261, கூடவே மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிச்சல். மூன்றாம் நாள் 253. எனக்குப் பாக்கெட் மீது சந்தேகமே வரவில்லை; குடற்புழு என்று நினைத்தேன். டாக்டரும் மலத்தைச் சோதித்துப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் காலை 244. தூக்கினால் துணி மாதிரி தொங்கினாள். ஈறுகள் வெளுத்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தன. உடல் சில்லென்று இருந்தது.

அந்த நிலையில் நான் பதறிப்போய்ப் பால் ஊட்டப் போனேன். டாக்டர் கையைப் பிடித்துத் தடுத்தார். உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் உணவு. தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, இரண்டு மணி நேரம் மெல்ல மெல்லச் சூடேற்றினோம்.

"பால் எதையாவது மாற்றினீர்களா?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பழைய டின்னின் அடியில் ஒட்டியிருந்த மாவையும் பாக்கெட் மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிறம் வேறு, மணம் வேறு. பாக்கெட்டில் வந்தது, காபிக்குக் கலக்கும் பால்பவுடர் வாசனை. விற்றவரை அழைத்தேன். முதலில் மழுப்பினார். விடாமல் கேட்டதும், "கொஞ்சம் சாதாரண பால்பவுடர் கலப்போம், எல்லாம் பால்தானே அக்கா" என்றார். அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

எல்லாம் பால் இல்லை. பூனையின் பாலில் இருக்கும் புரதம் பசும்பாலில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காமல் பேதியாகும். 250 கிராம் உடம்பில் இரண்டு நாள் பேதி என்றால் இழக்க அதில் என்ன இருக்கிறது? வளர்ந்த பூனை தாங்கும், இவள் எப்படித் தாங்குவாள்?

வேறொரு காப்பகம் சீல் உடைக்காத டின் ஒன்றைக் கடனாகக் கொடுத்தது. அவர்களுக்கு நாங்கள் என்றும் நன்றிக்கடன்பட்டவர்கள். வயிறு தரையில் படும்படி வைத்து, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக ஊட்டினோம். மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு நாளில் மலம் கெட்டியானது. ஒரு வாரத்தில் 300 கிராமைத் தாண்டினாள். எட்டாவது வாரத்தில் 650. அந்த வயதுக் குட்டி 900 கிராம் வரை இருக்கும், கடுகு இன்னும் சிறியவள்தான். ஆனால் தட்டு வைத்ததும் முதல் ஆளாக ஓடி வருகிறாள்.

பால்மாவு வாங்கினால் சீல், காலாவதித் தேதி, தொகுதி எண் மூன்றும் டின்னிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். டின்னின் படத்தை மட்டும் அனுப்பினால் நம்பாதீர்கள்; எனக்கும் அதைத்தான் அனுப்பினார். பால் மாற்றிய முதல் மூன்று நாள் காலை மாலை இரண்டு வேளையும் எடை போடுங்கள். ஒரு வேளை இறங்கினாலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். நான் செய்தது போலப் புழுவின் மீது பழியைப் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன், பணம் திரும்ப வந்தது. அந்தக் கணக்கும் மறைந்தது. ஆனால் போன வாரம் வேறு பெயரில் அதே படத்தைப் பார்த்தேன்: நீல நிற மேசை விரிப்பு, மூடி திறந்த டின், பக்கத்தில் முத்திரையில்லாத வெள்ளைப் பாக்கெட்டுகள்.