ப்ளீச்சா, ஆசிட் கிளீனரா? லேபிளைப் பார்த்து முடிவெடுங்கள்

கழிவறைக்கு இரண்டில் எதை வாங்குவது என்று பலர் குழம்புகிறார்கள். முதலில் பாட்டிலைத் திருப்பி, சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் படத்தைப் பாருங்கள்.

படம்
ஆசிட்: பெரும்பாலும், சோதனைக் குழாயிலிருந்து சொட்டும் திரவம் கையையும் உலோகத்தையும் அரிக்கிற படம். தோல் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.
ப்ளீச்: அடர்த்தியானது என்றால் அதே படம், கூடவே காய்ந்த மரமும் செத்த மீனும். மிகவும் நீர்த்ததில் ஆச்சரியக்குறி மட்டும் இருக்கலாம். எரிச்சல் தரும் என்று பொருள். அதற்காக அலட்சியம் வேண்டாம், கையுறை இரண்டுக்குமே வேண்டும்.

வேலை
ஆசிட்: உப்புக்கறை கரையும்.
ப்ளீச்: கிருமி சாகும்.

சேதம்
ஆசிட்: மார்பிளை அரிக்கும்.
ப்ளீச்: துணிச் சாயத்தை எடுத்துவிடும்.

ஆயுள்
ப்ளீச் வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். ஆசிட் அப்படியில்லை.

படத்தை மட்டும் பார்த்தால் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. ஆசிட்டில் கறை போகவில்லையே என்று அதன் மேலேயே ப்ளீச்சை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சை அடைக்கும், நுரையீரலையே கெடுக்கும். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

சரி, எதை வாங்கலாம்? கெட்டியான உப்புப் படிவுக்கு ஆசிட். கிருமி நீக்க மட்டும் என்றால் நீர்த்த ப்ளீச் போதும்.