மேக்பெத் தேர்வுப் பயிற்சித் தொகுப்பு: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்த, ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்துக்கென வெளிவந்துள்ள ஒரு பயிற்சித் தொகுப்பை இந்தப் பருவம் முழுவதும் வகுப்பில் பயன்படுத்தினேன். இதன் பெருஞ்சிறப்பு, நாடகத்தின் ஓசையைக் கற்பிக்கும் பகுதி. மேக்பெத் முதலானோர் வரிக்கு ஐந்து அழுத்தங்கள் கொண்ட யாப்பில் பேச, சூனியக்காரிகள் பெரும்பாலும் முதல் அசையிலேயே அழுத்தம் விழும், நான்கு அழுத்தங்கள் மட்டுமே கொண்ட வரிகளில் பேசுவதை, மாணவர்கள் மேசையைத் தட்டிக்கொண்டே உரக்கப் படித்துத் தாமாகக் கண்டறியும்படி அந்தப் பயிற்சி அமைந்திருக்கிறது. யாப்பு என்றாலே பெயர்களை மனப்பாடம் செய்வது என்று நினைத்திருந்த பிள்ளைகள், அந்த வேறுபாடு ஏன் அச்சம் தருகிறது என்று விடையில் எழுதத் தொடங்கியதைக் கண்டு மகிழ்ந்தேன். மேற்கோள் அட்டைகளும் குறுகிய தொடர்களாகவே உள்ளன. நூலைத் திறக்க இயலாத தேர்வில் அவையே நினைவில் நிற்கும்.

வரலாற்றுப் பின்னணிப் பகுதிதான் குறைபடுகிறது. இங்கிலாந்தின் மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்க முயன்ற 1605 வெடிமருந்துச் சதியும், அப்போதைய மன்னரான முதலாம் ஜேம்ஸின் சூனிய நம்பிக்கையும் தனித் தகவல்களாக நிற்கின்றனவேயன்றி, எந்தக் காட்சியின் எந்தச் சொல்லோடு அவை பொருந்துகின்றன என்பது காட்டப்படவில்லை. ஆகவே மாணவர்கள் அவற்றை விடையின் இறுதியில் ஒட்டிவிடுகிறார்கள். மாதிரி விடைகள் அனைத்தும் முழு மதிப்பெண்ணுக்குரியவை. நடுத்தர விடை ஒன்றைத் திருத்திக் காட்டியிருந்தால், தடுமாறும் மாணவருக்குப் பெரிதும் உதவியிருக்கும். ஓசைப் பகுதிக்காகவே அடுத்த பருவத்திலும் இதைப் பயன்படுத்துவேன். பின்னணிக் குறிப்புகளை மட்டும் நானே எழுதிக்கொள்வேன்.