பழைய குவில்ட் டாப் வாங்கப் போகிறீர்களா? பின்பக்கப் படம் கேளுங்கள்

ஒஹாயோவில் இருக்கிறேன். போன குளிர்காலத்தில்தான் குவில்ட் தைக்க ஆரம்பித்தேன். மேலே துண்டுத் துணிகளை இணைத்த டாப், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வைதான் குவில்ட். டாப்போடு நின்றுபோன பழைய வேலைகள் இங்கே நிறைய விற்பனைக்கு வரும். வெட்டி இணைக்கும் வேலை மிச்சம் என்பதால் புதிதாகக் கற்பவர்கள் ஆசைப்படுவோம். நானும் ஆன்லைனில் 140 டாலருக்கு ஒன்று வாங்கினேன்.

'1930களின் தீவனப் பைத் துணி, முழுக்கப் பருத்தி, கையால் தைத்தது' என்று போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் மாவும் கோழித் தீவனமும் பூப்போட்ட பருத்திப் பைகளில் வந்தன. பெண்கள் அந்தப் பைகளைப் பிரித்து கவுனும் போர்வையும் தைத்தார்கள். அதற்காகத்தான் அவ்வளவு விலை கொடுத்தேன்.

பெட்டியைத் திறந்ததும் சென்ட் வாசனை ஆளைத் தூக்கியது. இரண்டு நாள் காற்றாடப் போட்டதும் அடியிலிருந்து பூஞ்சை வாடை வந்தது. தரையில் விரித்தால் நடுப்பகுதி படிகிறது, சுற்றியுள்ள பட்டை மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி அலை அலையாக நிற்கிறது. படத்தில் நாலாக மடித்துக் காட்டியிருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

திருப்பிப் போட்டேன். நடுவில் மட்டும்தான் கைத்தையல், சின்னச் சின்னதாக, அவ்வளவு சீராக. அதைச் சுற்றி எல்லாமே மெஷின் தையல். தையலுக்குக் கால் அங்குலம் துணி விட வேண்டும். பல இடங்களில் அரைக்கால் அங்குலம்கூட இல்லை, லேசாக இழுத்தாலே பிரிகிறது. ஓரத்துத் துணியில் நாலு இழை உருவி, தட்டில் வைத்துப் பற்றவைத்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். இது உருகிக் கெட்டியான மணியாகிவிட்டது. பாலியஸ்டர்! அது அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1950களில்தான். யாரோ ஒரு அம்மாவின் பழைய வேலையைச் சுற்றி எதையோ ஒட்டிப் பெரிதாக்கி விற்றிருக்கிறார்கள். பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

விற்றவரிடம் கேட்டால், "பழசு அப்படித்தான் இருக்கும், திருப்பி எடுப்பதில்லை" என்று ஒரே வரி. நான் பார்சலை மூன்று வாரம் பிரிக்காமல் வைத்திருந்ததால் புகார் செய்யும் கெடுவும் முடிந்துவிட்டது. வந்த அன்றே பிரித்துப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் முழுசாகத் தரையில் விரித்த படமும், பின்பக்கப் படமும், தையல் மேல் இஞ்ச் டேப் வைத்து எடுத்த படமும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, வாடை போகட்டும் என்று டாப்பை மட்டும் வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். வெட்டிய விளிம்பெல்லாம் நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

இப்போது பாலியஸ்டர் பகுதியைத் தையல் பிரித்துக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். நடுப்பகுதி ஒரு குழந்தைப் போர்வை அளவுக்கு வரும். அதைக் கையாலேயே முடிக்கப் போகிறேன்.